முடிச்சுக்குள் ஒரு குதிரை வீரன்

சனிக்கிழமை விடியற்காலை. லண்டன் விமான நிலையத்துச் சோதனையில் என் சட்டைப்பையில் இருந்த கைலேஞ்சித் துணி முடிச்சு மாட்டிக்கொண்டது. அவிழ்த்துக் காட்டச் சொன்னார் அதிகாரி. எனக்கு வியர்த்துவிட்டது. "ஒரு பெண் அதிகாரியைக் கூப்பிடுங்கள், நான் தொடக்கூடாது" என்றேன். இதைவிடச் சந்தேகமான பேச்சு உலகத்தில் உண்டா! நல்லவேளை, வந்த பெண் சிரித்துக்கொண்டே அவிழ்த்துப் பார்த்து, திரும்ப முடிந்து தந்தார்.

உள்ளே இருந்தது விக்டோரியா ராணி காலத்து வெள்ளிக் கிரவுண் நாணயம். மன்னாரில் முத்துக்குளித்த எங்கள் பூட்டனாருக்கு ஒரு வெள்ளைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்ததாம். ஒரு பக்கம் ராணி. மறுபக்கம் குதிரையில் இருந்தபடி சிறகு முளைத்த பறவைநாகத்தை வெட்டும் சந்த ஜோர்ஜியார். புனிதர் இருந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் சும்மா விடுவார்களா? பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவளின் இடுப்பில் அதைக் கட்டத் தொடங்கினார்கள். ஆண்கள் தொடக்கூடாது. பழைய நாணயங்களைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கும் நான், சொந்த வீட்டு நாணயத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. லண்டன் ஹரோவில் இருக்கும் அக்கா முடிச்சைத் தரும்போதே வெருட்டினாள்: "தம்பி, அவிட்டுப் பாத்தியோ, கொன்றுபோடுவன்!"

இத்தாலியில், பலெர்மோவில் இருக்கும் தங்கை மெற்றில்டாவுக்கு முதற்பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அப்போது நாணயம் கனடாவில் ஒரு மச்சாளிடம் இருந்தது. அது தன்னிடம் இருந்திருந்தால் பிள்ளை தங்கியிருக்கும் என்று அவள் சொல்லாத நாளில்லை. இப்போது அடுத்த பிள்ளைக்கு நாள் நெருங்கிவிட்டது, நாணயத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் முடிச்சைத் தொலைத்துவிட்டு அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

விமானம் கடலை உரசுவதுபோல் இறங்கியது. கைபேசியைத் திறந்ததும் அவள் புருஷன் யூட்.

"மச்சான், எங்கை நிக்கிறியள்? செவ்வாய்க்கிழமை எண்டவங்கள், இப்ப உடனை ஒப்பரேசன் எண்டுறாங்கள். கெதியா வாங்கோ!"

நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பேருந்துக்கு ஆறரை யூரோ. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டை மலை. அழகாகத்தான் இருந்திருக்கும். நான் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயில் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தேன். என் பொத்திய கையைப் பார்த்துச் சாரதி என்னவென்று கேட்டார். "சான் ஜோர்ஜோ. என் தங்கை. பம்பீனோ" என்றேன், பிள்ளை என்பதற்கு அந்த ஒரு சொல்தான் தெரியும். மனிதர் விரல் நுனியை முத்தமிட்டு, முன்னால் ஒட்டியிருந்த, அந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா படத்தைத் தொட்டார். பிறகு சிவப்பு விளக்காவது ஒன்றாவது! கால்சா என்ற பழைய பகுதியின் ஒடுங்கிய தெருக்களுக்குள் புகுந்து, காயப்போட்ட துணிகளின் கீழே பறந்தார். என் உயிர் போய்ப்போய் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் யூட் என்னை இழுத்துக்கொண்டு ஓடினான். தங்கையைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறார்கள். தாதி என் முடிச்சைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். உள்ளே உலோகம் எதுவும் கூடாது. தோடும் மோதிரமும்கூடக் கழற்றியாகிவிட்டது. மெற்றில்டா விம்மினாள்.

"அண்ணா, அவிழுங்கோ."

"நானோ?"

"ஓம். நான் வருமட்டும் கையிலை பிடிச்சிருங்கோ. விடாதேங்கோ."

"அக்கா அறிஞ்சால்..."

"இஞ்சை படுத்திருக்கிறது நானோ அக்காவோ?"

கதவு மூடியது. விறாந்தையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். சந்த ஜோர்ஜியாருக்குத் தலைக்கவசம் உண்டு, தோளில் சால்வை உண்டு. மற்றபடி உடுப்பென்று ஒன்றுமில்லை! அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது. ரோமில் பிறந்த ஒரு சிற்பி ஆங்கிலேயரின் காசுக்காக இருநூறு வருடங்களுக்கு முன் செதுக்கிய உருவம் இது. குதிரையின் முகமும் நாகத்தின் செதிலும் மழுங்கிப் போயிருந்தன. எத்தனை பெண்கள் நோவில் பொத்திப் பிடித்தார்களோ! முன்னொரு காலத்தில் ஆட்கள் வெள்ளிக் காசின் ஓரத்தை வெட்டித் திருடுவார்களாம். அதைத் தடுக்க விளிம்பைச் சுற்றி லத்தீன் எழுத்துகளைப் புடைப்பாகப் பதித்தார்கள்: அழகும் காவலும் என்று பொருள். நூறு தடவை படித்த விஷயம். அதை இப்போது உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தேன்.

"ஒண்டும் சொல்லுறாங்களில்லை" என்று யூட் நடந்துகொண்டேயிருந்தான். என் கை விறைத்தது. மற்றக் கைக்கு மாற்றலாம்தானே? மாற்றவில்லை. பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு சின்ன அழுகுரல் கேட்டது. பெண்பிள்ளை. யூட் நிலத்திலேயே குந்திவிட்டான். மெற்றில்டாவை வெளியே கொண்டுவந்தபோது நான் கையை விரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் லத்தீன் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை நான் புறப்படும் நேரம், அக்கா மெற்றில்டாவின் தொலைபேசியில் வந்தாள். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பிள்ளை, காசை இறுக்கிக் கட்டினியோ?"

மெற்றில்டா என்னைப் பார்த்தாள். "இறுக்கித்தான் அக்கா. கடைசிவரைக்கும் விடேல்லை."

நான் காசைப் பிடித்திருந்த கையைக் காற்சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன்.