திருச்சிக்கு வந்த அனுமதி

சைகோனில் ஒரு வியட்நாமிய முதலாளியின் சொந்த விமானத்துக்கு நான் கேப்டனாக இருந்தேன். கேட்பவர்களுக்கு அது பெரிய உத்தியோகம். எனக்கோ அது என்ன வேலை என்று கடைசிவரை பிடிபடவில்லை. அங்கே டான் சோன் நாட் விமான நிலையத்தில் சின்ன விமானம் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலாளியை இறக்கிவிட்டு, காலி விமானத்தைக் கான் தோ என்கிற வெளியூருக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சீருடையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். அடுத்து எப்போது கிளம்புவோம் என்பது அவருக்கே தெரியாது.

அதற்கு முன் பல வருஷம் பயணிகள் விமானம் ஓட்டியவன் நான். அங்கே எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு, விதி உண்டு. விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை காரைக்குடியிலிருந்து போன் வந்தது. என் மாமனார் திருச்சி ஆஸ்பத்திரியில் மோசமாக இருக்கிறார், மகளைப் பார்க்கக் கேட்கிறார். அப்போது சைகோனிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் கிடையாது. கோலாலம்பூரில் இறங்கி வெகுநேரம் காத்திருந்து மாற வேண்டும். அன்றைக்கு ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. மனைவியை அனுப்பிவிட்டு மறுநாள் நானும் போகலாம் என்று முதலாளியிடம் லீவு கேட்டேன்.

"லீவு எதுக்கு, கேப்டன்? நம்ம விமானத்துலயே அவங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்றார் தன் ஆங்கிலத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிநாட்டுத் தனியார் விமானம் இந்தியாவில் இறங்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். "நடக்காது சார்" என்றேன். இந்த மனுஷன் விமானத்தை ஆட்டோ என்று நினைத்துவிட்டார் போல என்று உள்ளுக்குள் எரிச்சல் வேறு.

"அவுகளே தர்றேங்கிறாக. ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி, வீட்டில் விஷயத்தைச் சொன்னதும்.

"அதெல்லாம் கேட்டா வர்றதில்லை. ரூல் அப்படி."

அவள் பெட்டியில் துணிகளை வைத்தாள். மதியம் அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "அனுமதி வந்துடுச்சு, கேப்டன். எப்போ கிளம்பறீங்க?"

எப்படி என்று கேட்டேன். உயிருக்கு ஆபத்தாக இருக்கிறது என்று சொல்லி, தன் அலுவலக ஆட்களை விட்டுக் கேட்டிருக்கிறார். கிடைத்துவிட்டது. அவசரத்துக்கு விலக்கு உண்டு என்பது எனக்கும் தெரியும். படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆனால் அது யாரோ பெரிய மனிதர்களுக்கு என்று ஏன் நினைத்தேனோ.

அவள் கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். "அப்போ அங்கே இறங்கவும் கேட்கட்டுமா?" என்றார். கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, கான் தோவுக்குப் போக வண்டி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே போன் செய்தாள். அவள் அப்பச்சி, என் மாமனார், போய்விட்டாராம். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்து அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் சொன்னது தப்பா? எந்த பைலட்டும் அதைத்தான் சொல்லியிருப்பான். நான் கேட்டிருந்தால் வந்திருக்குமா, பணக்காரர் கேட்டதால்தான் வந்ததா? சொந்த விமானம் என்றால் சொகுசு என்கிறார்கள். எனக்கென்னவோ, 'முடியாது' என்ற சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளாத ஆட்களின் வண்டி அது என்று தோன்றுகிறது. அது நல்லதா கெட்டதா என்றால் இன்றைக்கும் குழப்பம்தான்.

நானும் மறுநாள் போய்விட்டு முன்னால் வந்துவிட்டேன். காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்ததும், மறைக்க மனம் வராமல், அனுமதி வந்த கதையைச் சொன்னேன்.

"நீங்க கேட்டீகளா?"

"இல்லை. முதலாளி கேட்டார்."



"அவுகளுக்கு எங்க அப்பச்சி யாருன்னே தெரியாதே" என்றாள்.