பார் வழியாகக் கோயிலுக்கு

துபாய் நகரத்தில், பர் துபாய் என்ற பகுதியில் என் மகள் இருந்த கட்டடத்துக்கு ஒரு வாட்ச்மேன் உண்டு. ராமநாதபுரத்துக்காரர். மீசை நரைத்திருக்கும், நெற்றியில் திருநீறு அழியாது. யார் வழி கேட்டாலும் சாராயம் விற்கும் பாரை வைத்தே சொல்வார்.

மகள் டியூட்டிக்குப் போன ஒரு காலையில், தனியாகக் கோயிலுக்குப் போய்வர எனக்கு ஆசை வந்தது. தொலைந்துபோனால் அவள் என்னை இனி வாசலைத் தாண்ட விடமாட்டாள். அதனால் மெதுவாக அவரிடம் வழி கேட்டேன்.

“நேராப் போங்க ஆத்தா. மலையாளிங்க பாடுற பார் வரும். முன்னாடி அது பிலிப்பைன்காரங்க பார். சோத்தாங்கைப் பக்கம் திரும்பினா ஒரு ஹோட்டலு. அதுல கீழ இருந்த பாரை அடிதடி ஆகி மூடிட்டாங்க. இப்பப் புடவைக் கடை. அதுக்கு எதுத்த சந்துலதான் கோயிலு.”

பாதி வழியில் குழம்பி நின்றேன். எதிரே வந்த தமிழ்ப் பெண்ணிடம் கோயில் எங்கே என்று கேட்டிருக்கலாம். பதற்றத்தில், “அடிதடி ஆகி மூடின பார் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். அவள் என் முகத்தையும் கையிலிருந்த தேங்காயையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“புடவைக் கடைதானே? வாங்க” என்று கூட்டிப்போய் விட்டாள்.

திரும்பி வந்து பிரசாதம் கொடுத்தபோது, “நிறையக் குடிப்பீங்களோ?” என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

“ஒரு சொட்டுத் தொட்டதில்ல ஆத்தா. ரூம்ல எட்டுப் பேரு. வெள்ளிக்கிழமை லீவு வந்தா ஒவ்வொரு பாரா ஏறி அவனுங்களைத் தேடிக் கூட்டியாறது நான்தான்.”

அடுத்த முறை மகளோடு கோயிலுக்குப் போனபோது, புடவைக் கடை வந்ததும் அவளுக்கு முன்னால் நானே சந்துக்குள் திரும்பிவிட்டேன்.

“வழி யாரும்மா சொன்னது?” என்றாள்.

குடிக்காத அந்த மனிதரைப் பற்றி எங்கே தொடங்கிச் சொல்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.