என்னை மெலிய வைத்த கதை

மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஒரு மாப்பிள்ளைக்கு என் படத்தை அனுப்பியிருந்தார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தால் மறித்து வீட்டில் வைத்து ஒரு வருசம் ஆகியிருந்தது. கப்பலில் வந்த பதிலைத் தரகர் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து சொன்னார். அறைக்குள் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"சாதகம் நல்லாப் பொருந்துது. குடும்பத்தையும் பிடிச்சிருக்கு. பொம்பிளைதான் கொஞ்சம் தடிப்பெண்டு நினைக்கினம். வேறை ஒண்டுமில்லை."

அம்மா யோசிக்கவேயில்லை. "உது சின்னப்பிள்ளைத் தசை. நான் மெலிய வைச்சுப்போடுவன். வேறை படம் எடுத்து அனுப்புறம் எண்டு எழுதுங்கோ."

என் தகப்பன், ஐயா, அங்கேதான் இருந்தார். புகையிலைக் கன்றுகளைப் பார்க்க வேண்டுமென்று எழும்பித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் அப்படியொன்றும் பருமன் இல்லை. வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோட்டக்காரர் வீடுகளில் வளர்கிற பெட்டைகளுக்கு இருக்கிற உடம்புதான் எனக்கும். அதுவரை என் கைகளை நான் கவனித்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பிறகு பார்க்காத நாள் இல்லை. குளிக்கும்போது பார்ப்பேன், வாசல் கூட்டும்போது பார்ப்பேன், சட்டையின் கை இறுகுகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பேன்.

அடுத்த நாள் காலையில் எல்லோருக்கும் பிட்டு. எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் கொள்ளுக் கஞ்சி. உப்புக் கூட இல்லை. மத்தியானம் ஒரு பிடி சோறும் கீரையும். இரவில் ஒன்றுமில்லை. அண்ணை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். விடியவே வெளிக்கிட வேண்டும் என்பதால் அவருக்கு முதல் பந்தி. பிட்டின் மேல் சம்பலைப் போட்டு, வாழைப்பழத்தையும் பிசைந்து, வாய் நிறைய வைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்வார்.

"அம்மா உன்ரை நன்மைக்குத்தானே செய்யிறா. கொஞ்ச நாளைக்குப் பொறு."

நான் பொறுத்தேன். முதல் ஒரு மாதம் உண்மையாகவே பொறுத்தேன். மெலிய வேண்டுமென்ற ஆசை எனக்கும் வந்துவிட்டது. கிண்ணத்தில் மிச்சம் விட்டால் அம்மா என்னைப் பார்த்து முகம் மலர்வாள். வேறு எதற்கும் அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அதற்காகவே மிச்சம் விட்டேன்.

பிறகொரு நாள், எல்லோரும் மத்தியான நித்திரையில் இருக்கும்போது, மிளகாய் எடுக்கச் சாமானறைக்குப் போனேன். பினாட்டு வைத்திருந்த பெட்டியின் மூடி சரிந்து கிடந்தது. ஒரு விரலளவு பிய்த்து வாயில் போட்டேன். வெயிலில் காய்ந்த பனம்பழத்தின் இனிப்பு நாக்கில் பட்டதும் எனக்குள்ளே ஏதோ அறுந்து போயிற்று. இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு துண்டு என்று எடுத்து, நின்ற நிலையிலேயே பெட்டியில் பாதியை முடித்துவிட்டேன். அது முடிந்ததும் பனங்கட்டி. அதற்கு மேல் வறுத்த அரிசிமாவை அள்ளி அள்ளி வாயில் போட்டேன். மா தொண்டையில் அடைத்தது. இருமினால் யாராவது எழும்பிவிடுவார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டேன், கண்ணால் தண்ணீர் ஓடியது. ருசி எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

வயிறு நொந்தபோதுதான் நிறுத்தினேன். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். நாளைக்குக் கஞ்சியும் குடிக்கக் கூடாது என்று எனக்கு நானே தண்டனை வைத்தேன். அடுத்த நாள் வெறும் வயிற்றோடு இருந்தேன். அதற்கடுத்த நாள் மத்தியானம் கால் தானாகச் சாமானறைக்குப் போனது. இப்படித்தான் போயிற்று. பட்டினி கிடந்த அளவுக்குத் தின்றேன், தின்ற அளவுக்குப் பட்டினி கிடந்தேன்.

உடம்பு மெலியவில்லை, ஊதியது. அம்மா அதை என் உடம்புவாசி என்று நினைத்து ஒரு பிடி சோற்றையும் அரைப் பிடியாக்கினாள். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் மருந்து வாங்கிப் பேதிக்குத் தந்தாள். அன்றைக்கெல்லாம் சுருண்டு கிடப்பேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "பிள்ளை விரதம் பிடிக்கிறாள்" என்று அம்மா சொல்லுவாள். கடவுளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த வருசம் சாவகச்சேரியில் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. ரயிலில் போனோம். எனக்குக் கூறைப்பட்டு மாதிரி ஒரு சிவப்புச் சேலை உடுத்தி விட்டிருந்தார்கள். பெண்கள் பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். சோற்றுக் கடகத்தோடு வந்தவன் என் இலைக்கு முன்னால் குனிய, அம்மா கையை நீட்டி மறித்தாள்.

"அவளுக்குச் சோறு வையாதையுங்கோ தம்பி. மலாயாச் சம்பந்தம் ஒண்டு பேசி வருது. கொஞ்சம் குறைக்க வேணும்."

முன் வரிசையில் இருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னும் குறைக்கத் துவங்கேல்லைப் போலை கிடக்கு?"

பந்தி முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. இலையில் ஒரு கரண்டி பொரியலும் ஊறுகாயும் இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு எல்லோரும் எழும்பும் வரை இருந்தேன்.

பந்தி முடிந்து எல்லோரும் பாயைப் போட்டுச் சரிந்த நேரத்தில், பின் வளவில் இருந்த சமையல் கொட்டிலுக்குப் போனேன். அங்கே ஒருவரும் இல்லை. சோறு வடித்த கிடாரத்தின் அடியில் ஆறிப்போன மிச்சம் இருந்தது. கறி கூடத் தேடவில்லை. பட்டுச் சேலையோடு குந்தி இருந்து வெறுஞ்சோற்றைக் கையால் அள்ளித் தின்றேன். பாயாசச் சட்டியைச் சரித்து வழித்துக் குடித்தேன். அது நெஞ்சில் வழிந்தது எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்தது. திரும்பி வரும் ரயிலில், சேலையில் காய்ந்து கிடந்த கறையைத் தடவிப் பார்த்தாள். முன்னும் பின்னும் சனம் இருந்தது. குரலைத் தாழ்த்தவுமில்லை.

"உனக்கு வயிறோ, பத்தாயமோ?"

அதற்குப் பிறகு சாமானறைக்குப் பூட்டு வந்தது. பூட்டின் திறப்பு அம்மாவின் இடுப்பில் தொங்கியது. பூட்டியதால் நான் திருந்தவில்லை. மாட்டுக்கு வைத்த பிண்ணாக்கைக் கூட ஒரு நாள் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எடுத்துத் தின்ன ஒன்றும் கிடைக்காமல் உடம்பு மட்டும் வற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் இரண்டாவது படம் எடுக்கும் நாள் வந்தது. அதற்கு முந்திய கிழமை ஏழு நாளும் எனக்குத் தண்ணீரும் கொள்ளும்தான். பட்டணத்தில் படம் பிடிப்பவர் "கொஞ்சம் சிரியும் பிள்ளை" என்று பலமுறை சொன்னார். தலை சுற்றி விழாமல் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிக்க வரவில்லை.

பதிலோடு தரகர் மறுபடியும் வந்தார்.

"பொம்பிளை மெலிஞ்சிட்டா, ஓம். ஆனால் முகத்திலை களையில்லையாம். ஏதும் வருத்தக்காரியோ எண்டு கேக்கினம். அவை வேறை இடம் பாக்கினமாம்."

தரகர் படலையைத் தாண்டும் வரை அம்மா விறாந்தையில் நின்றாள். பிறகு குசினிக்குள் வந்து திறப்பை என் முன்னால் எறிந்தாள். "இனி என்னெண்டாலும் திண். உன்ரை தலைவிதி."

சாப்பிட எனக்குக் கிடைத்த அனுமதி அதுதான். என்னைக் கைவிட்டபோதுதான் அது கிடைத்தது.

அந்த ஆவணியில் அண்ணைக்குக் கலியாணம் ஆயிற்று. மச்சாள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஈர்க்கில் போல மெலிந்தவள். அம்மா அவளையும் விடவில்லை. "காத்தடிச்சால் விழுவாள். உவளுக்கு எப்பிடிப் பிள்ளை பிறக்கும்?" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் மலைபோலச் சோற்றைக் குவித்து, முடிக்கும் வரை எதிரில் நிற்பாள். ஒரே குசினியில் ஒருத்தி கூடிப்போனாள், ஒருத்தி குறைந்து போனாள். எது சரியான அளவு என்று அம்மாவைக் கேட்டால் அவளுக்கே தெரிந்திராது.

மருமகள் காலையில் கடைசியாகத்தான் சாப்பிட வேண்டும். மச்சாளுக்குத் தனியே இருந்து சாப்பிட விருப்பமில்லை.

"நீரும் வாரும். கதைச்சுக் கதைச்சுச் சாப்பிடுவம்."

"எனக்கு வேண்டாம். நான் துவங்கினால் நிப்பாட்டமாட்டன்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "நிப்பாட்டாட்டி இன்னும் கொஞ்சம் அவிப்பம். மா கிடக்குத்தானே."

அன்றைக்கு அவள் அவித்த பிட்டில் எனக்குப் பங்கு இருந்தது. நான் கூடத்தான் தின்றேன், வயிறு நோகும் அளவுக்குத் தின்றேன். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, கதை நடுவில் என் கை நின்றது. கோப்பையில் இன்னும் பிட்டு இருந்தது. "காணும், போதும்" என்றேன். அந்தச் சொல்லை அம்மாதான் எனக்காக எப்போதும் சொல்லியிருந்தாள். என் வாயால் சொல்லி எவ்வளவோ காலம்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. திறப்பு கையில் இருந்த நாட்களில் இரண்டு மூன்று தரம் மறுபடியும் சாமானறைக்குள் நின்று தின்றேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். காலையில் ஒழுங்காகச் சாப்பிட்ட நாட்களில் மத்தியானம் எனக்கும் நித்திரை வந்தது. சாமானறை நினைவே வரவில்லை. தின்ற அடுத்த நாள் என்னைப் பட்டினி போடுவதை விட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. குற்றம் செய்தவளுக்குச் சோறு போடுவது போல இருந்தது. ஒரு வருசத்துக்குப் பிறகு என் உடம்பு தன்பாட்டில் பழைய அளவுக்கு வந்து நின்றது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கலியாணப் பந்திகளில் மட்டும் இன்றைக்கும் என்னால் வயிறாரச் சாப்பிட முடிவதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது, பங்கீட்டுக் கூப்பன் வந்தது. அம்மா அரிசியைச் சுண்டுப் பேணியால் அளந்து, ஐயாவுக்கும் அண்ணைக்கும் எங்களுக்கும் ஒரே அளவாகப் போட வேண்டியதாயிற்று. மிச்சத்துக்குக் காய்ந்த பனங்கிழங்கின் ஒடியற் கூழும் குரக்கன் பிட்டும். அண்ணை கோப்பையைப் பார்த்து முணுமுணுப்பார். உலகம் முழுக்கச் சண்டை பிடித்த பிறகுதான் என் கோப்பையும் அவருடைய கோப்பையும் ஒரே மாதிரி ஆயின.

யுத்தம் முடிகிற காலத்தில் எனக்குக் கலியாணம் ஆகித் தெல்லிப்பழைக்குப் போனேன். அவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது அம்மா வந்து சில நாள் நின்றாள். மத்தியானம் பிள்ளை சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டது. அம்மா அதன் கையைப் பிடித்து, தசையை விரலால் நுள்ளிப் பார்த்தாள்.

"பெட்டை தடிச்சு வரப்போகுது. இப்பவே குறைச்சால்தான் நல்லது. உன்னை நான் அந்தக் காலத்திலை கவனிச்சபடியால்தான் உனக்கொரு மாப்பிளை கிடைச்சது."

"அம்மா, என்ரை பிள்ளையின்ரை கோப்பையை நீங்கள் பாக்க வேண்டாம்."

"நான் என்ன விஷமே வைச்சனான்? சனம் கேட்டதைத்தானே நான் செய்தனான்."

"ஓம். சனம் கேட்டதைத்தான் செய்தனீங்கள்."

அம்மா அன்று பின்னேரமே பையைக் கட்டினாள். பஸ் வரை நான் கூடப் போனேன். அதற்குப் பிறகு நெடுங்காலம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று எத்தனையோ வருசம் காத்திருந்தேன். சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.