பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள்

தொண்ணூறுகளில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருந்தேன். டிசைன் செக்‌ஷனில் நான் ஒருத்திதான் பெண். கருகித் திரும்பி வந்த மோட்டார்களைப் பிரித்துப் பார்ப்பது என் வேலை. வேறு யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால்தான் எனக்குக் கிடைத்தது. மூன்று வருஷம் காயில் கம்பி கருகிய நாற்றத்தோடு மதியச் சோறு தின்றதில் ஒன்று புரிந்தது. எங்கள் டெஸ்டிங்கில் கரண்ட் குறையாமல் வரும், தோட்டத்தில் வராது. பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கும், காயில் கருகும். நாங்களோ விவசாயிக்கு மோட்டார் ஓட்டத் தெரியவில்லை என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

குறைந்த வோல்டேஜையும் தாங்குகிற மாதிரி காயிலின் கம்பிச் சுற்றை மாற்றி ஒரு மோட்டார் செய்தேன். ஒர்க்ஸ் மேனேஜர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளிதான் கூப்பிட்டுப் பேசினார்.

"ஒரே ஒரு வாய்ப்புத்தானுங்க அம்மணி. தோட்டத்துல, என் கண்ணு முன்னால ஓடோணும். ஓடுச்சுன்னா புது மாடல் செக்‌ஷனுக்கு நீங்கதான் பொறுப்பு. கருகிப்போச்சுன்னா இந்தப் பேச்சை இதோட உட்டுருங்க."

பெருந்துறைப் பக்கம், எங்கள் மோட்டார் மூன்று முறை கருகிய தோட்டத்தையே சோதனைக்குக் கேட்டு வாங்கினேன். வோல்டேஜ் படுத்துவிடும் பதினோரு மணிக்கு முதலாளி, மேனேஜர், நான் மூவரும் போய் இறங்கினோம். தோட்டத்துக்காரர் மோட்டாரைப் பற்றி மேனேஜரிடம்தான் பேசினார். எனக்கு இளநீர் மட்டும் இரண்டு தடவை வந்தது.

என் மோட்டாரைப் பொருத்தியதும் தோட்டத்துக்காரர் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் கொட்டியது. முதலாளி தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு காரை நோக்கி நடந்தார். இரண்டு நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் வோல்ட் மீட்டரைப் பார்த்தேன். முள் மேலேயே நின்றது. சுற்றுவட்டாரத்தில் வேறு ஒரு மோட்டார் சத்தமும் இல்லை.

"ஏனுங்ணா, இன்னைக்கு யாருமே மோட்டார் போடலீங்களா?"

"போடுவாங்களாங்க? கம்பெனிக்காரங்க வாராங்க, அவிய மோட்டாரு நல்லா ஓடட்டும்னு அக்கம்பக்கத்து ஏழு தோட்டத்துக்கும் போய்ச் சொல்லிபோட்டு வந்தேனுங்க" என்றார் தோட்டத்துக்காரர், முகமெல்லாம் மலர.

எனக்கு அவருடைய நல்ல மனசின் மேல் கொலைவெறியே வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் செக்‌ஷன் என் கையில். அப்படி இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் நாளை நூறு மோட்டார் கருகி வந்தால் அதைப் பிரிக்கப்போவதும் நான்தானே. காரை நோக்கி ஓடினேன்.

"இது செல்லாதுங்க. பக்கத்து மோட்டாரெல்லாம் ஓடணுமுங்க."

"ஓடிட்டிருக்கறதை ஏனுங்க நோண்டறீங்க?" என்றார் மேனேஜர். முதலாளி திரும்பி வந்து தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார்.

எல்லோரையும் மோட்டார் போடச் சொல்ல, தோட்டத்துக்காரர் மனசில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொன்றாகச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முள் இறங்கியது. ஐந்தாவது மோட்டாருக்கு என் மோட்டாரின் குரல் கம்மிப்போனது. மேனேஜர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க!" என்று கத்தினேன். அவரிடம் அதுவரை நான் குரலை உயர்த்தியதே இல்லை.

ஆறு. ஏழு. பழைய மோட்டார்கள் கருகிய இடத்துக்கும் கீழே போய் நின்றது முள். குழாயில் தண்ணீர் பாதியாகிவிட்டது. நான் மோட்டார் பக்கத்தில் குந்திக்கொண்டு அந்த நாற்றம் வருகிறதா என்று மோந்துகொண்டே இருந்தேன். கால் மரத்துப்போயிற்று. ஒரு மணி நேரம் ஆகியும் நாற்றம் வரவில்லை.

முதலாளி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "புது செக்‌ஷனுக்கு எந்த ரூம் வேணும்னு நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

திரும்பி வந்த தோட்டத்துக்காரருக்குத்தான் ஆறவே இல்லை. நேராக என்னிடம் வந்தார். "அத்தனை தண்ணி கொட்டிட்டிருந்துச்சு, இப்படிக் கொறைச்சுபோட்டீங்களே அம்மணி!"

"கொறையுமுங்ணா," என்றேன். "இனிமே கருகாதுங்க."