பிந்துவுக்கு மட்டும் மடங்கும் முட்டிகள்

முழங்கால் தேய்ந்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிற தொழிலில், வலி குறைந்தால் பெயர் தைலத்துக்கு. குறையாவிட்டால் பெயர் நமக்கு.

நான் திருவனந்தபுரத்தில், பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்களும் பிசியோவாக இருக்க வேண்டும் என்றில்லை. நீங்கள் வியர்க்க விறுவிறுக்கச் சமைத்ததை இன்னொருத்தி பரிமாறி, "பிரமாதம்" என்கிற சொல்லை அவள் வாங்கிக்கொண்டு போயிருந்தால் போதும், நீங்களும் என் கட்சிதான்.

என் கட்சிக்கு எதிர்க்கட்சியின் பெயர் பிந்து. அதே கிளினிக்கில் வேலை பார்க்கிற மலையாளப் பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள். இருவருக்கும் ஒரே படிப்பு, ஒரே கட்டில், எடைக்காகக் காலில் கட்ட ஒரே மணல் பை. ஆனால் நோயாளிகளின் கால் அவளுக்குத்தான் மடங்குகிறது. அதில் என்னைப் பெற்ற அம்மாவின் காலும் சேர்த்தி. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே சொன்னால் அழுதாலும் அழுதுவிடுவேன் என்பதால் கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

வெறுங்கை

பாறசாலைப் பக்கத்திலிருந்து ஞானமுத்து அண்ணாச்சி என்று ஒருவர் வந்தார். வாழை விவசாயி. முதல் நாள் மகன் தோளில் தொங்கிக்கொண்டு வந்தவர். தொடைத் தசைக்கு வலுவேற்ற நான் படாத பாடு பட்டேன். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, "அமுக்குங்க, பிடிங்க, விடுங்க" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியது. மூன்று மாதத்தில் மனிதர் தனியாக பஸ் ஏறி வந்து, கிளினிக் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். கையில் ஒரு பை. பழக்குலையாக இருக்கும், கூடவே நாலு நல்ல வார்த்தையும் இருக்கும் என்று நான் தலைமுடியைக்கூடச் சரிசெய்து கொண்டேன்.

பையிலிருந்து வந்தது ஒரு பாட்டில் தைலம். மச்சினி காய்ச்சிக் கொடுத்ததாம். அதைத் தேய்த்த பிறகுதான் கால் காலாக ஆனதாம். ஒரு பாட்டில் தைலத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெண் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "இனி வாற ஆளுகளுக்கு இதப் போடுங்க டாக்டரம்மா. வெறுங்கைய வச்சிக்கிட்டு எத்தன நாளுதான் கஷ்டப்படுவிய?"

நல்ல கால்

கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து வருகிற ஒரு மாமிக்கு வலது முட்டி தேய்மானம். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கிப் பிடிக்கிற பயிற்சியைச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது இடது தொடை கல் மாதிரி இருந்தது. வலதில் ஒரு மாற்றமும் இல்லை. விசாரித்தால், வலது காலைத் தூக்கினால் வலிக்கிறதாம், அதனால் எல்லாப் பயிற்சியையும் வலிக்காத காலிலேயே ஒன்றுவிடாமல் செய்துவிட்டாராம். சிரிக்காதீர்கள், இது தினமும் நடப்பதுதான். நான் படம் வரைந்து விளக்கினேன், கொஞ்சம் அதட்டவும் செய்தேன். மாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த வாரமும் இடது காலோடு வந்தார்.

நான் லீவு போட்ட ஒரு நாள் மாமி பிந்துவிடம் மாட்டினார். அவள் அதட்டவில்லை. காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி சகஸ்ரநாமம் சொல்வேன் என்றிருக்கிறார் மாமி. அப்படியானால் ஒரு சுலோகம் முடிகிற வரைக்கும் வலது கால் நீட்டியே இருக்கட்டும், அடுத்த சுலோகத்துக்கு இறக்குங்கள், பிறகு மறுபடி ஏற்றுங்கள் என்று பிந்து சொல்லிவிட்டாள். சுலோகத்தைப் பாதியில் விட மாமிக்கு மனசு வருமா? வலது கால் தேறிவிட்டது. சகஸ்ரநாமம் கேட்டு வளர்ந்தவள் நான். யோசனை வந்ததோ ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் குர்பானைப் பூசைக்குப் போகிறவளுக்கு. எனக்கு வயிறு எரியாதா? மாமி என் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்: "நீயும் கெட்டிக்காரிதான்டீ. ஆனா அந்தப் பொண்ணு இருக்கற நாளாப் பாத்து எனக்கு டயம் போட்டுடு, கேட்டியா."

கழக்கூட்டத்தில் ஒரு டிவி

வாரத்தில் சில நாள் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பேன். கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற தஞ்சாவூர்ப் பையன் ஒருவன், ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்து ஃபிளாட்டில் வைத்திருக்கிறான். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை உருட்டி, புகையில் குளித்து, அவர்கள் கதவைத் தட்டினேன். உள்ளே அந்த அம்மா ஏற்கெனவே காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். எதிரே சுவர் முழுக்க டிவி. டிவி முழுக்க பிந்து. நோயாளிகளுக்காக அவள் போனில் எடுத்த வீடியோ கைமாறிக் கைமாறி எனக்கு முன்னாலேயே கழக்கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் பிந்து சிரிக்கிற இடத்தில் அவரும் சிரித்தார்.

நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். பையன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னான்: "மேடம், நீங்க தப்பு இருந்தா மட்டும் திருத்திட்டுப் போனாப் போதும். மெயின் செஷன் பிந்து மேடமே எடுத்துடுவாங்க."

திரைக்கு அந்தப் பக்கம்

இனிச் சுற்ற வழியில்லை. அம்மாவுக்கு வருகிறேன்.

அம்மா திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். அப்பா போன பிறகு என்னோடு கரமனையில் இருக்கிறாள். இரண்டு முட்டியும் தேய்மானம். வீட்டிலேயே பிசியோ இருக்க வேறென்ன வேண்டும் என்று ஊரே சொல்லும். ஆனால் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தொட்டால் உடனே அடுப்பில் பால் நினைவுக்கு வந்துவிடும். பால் இல்லையென்றால் கொட்டாவி வரும். வலி எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பேன். ஒண்ணுமில்லை என்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே ஒண்ணுமில்லை என்பாள்.

மாசி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கப் பெண்கள் தெருவில் செங்கல் அடுப்பு கூட்டி பகவதிக்குப் பொங்காலை இடுகிற நாள் வரப்போகிறது. அம்மா இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதை விட்டதில்லை. புகையிலும் வெயிலிலும் தரையோடு தரையாக மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த முட்டி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா சண்டை போடவில்லை. சரி என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரம் கழக்கூட்டம் போக வேண்டாம் என்று போன் வந்ததால், பாதி வழியில் கிளினிக்குக்குத் திரும்பினேன். கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உள்ளே அம்மாவின் குரல். நான் வெளியே போகிற நாளெல்லாம் ஆட்டோ பிடித்து இங்கே வந்துகொண்டிருக்கிறாள். காலையில் முதல் அடி வைக்க எவ்வளவு நேரமாகிறது, படி இறங்கும்போது எந்த இடத்தில் குத்துகிறது, பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு எப்படி எழுகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அப்படி எழ முடியாமல் அழுததையும் சொன்னாள். எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, பொறாமைதான். என் அம்மாவின் வலி எனக்குத்தானே முதலில் வர வேண்டும்? இதையெல்லாம் மகளிடமே சொல்லலாமே என்று பிந்து கேட்டாள் போலிருக்கிறது. அதற்கு அம்மா சொன்னாள்: "அவகிட்ட பறையாதே மோளே. வலிக்குன்னு சொன்னா என்னைய வீட்டோட இருத்திருவா. உங்கிட்டன்னா தைரியமாட்டுச் சொல்லலாம்."

இன்னும் நாலு செங்கல்

அன்று சாயங்காலம் பிந்துவைப் பிடித்துக்கொண்டேன். நோயாளியின் வீட்டில் கேட்காமல் எப்படிப் பார்க்கலாம் என்று சீறினேன். அந்த வீடு நான்தான் என்பது பாதியில்தான் உறைத்தது. அவள் கோபப்படவில்லை. தரையில் உட்காரக் கூடாது, அவ்வளவுதானே சேச்சி, அதற்காகப் பொங்காலையே வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டாள். இன்னும் நாலு செங்கல் வைத்து அடுப்பை உயர்த்தினால் அம்மா உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தே கிளறலாம், தெருவில் எத்தனையோ பேர் அப்படித்தான் இடுகிறார்கள் என்றாள். இத்தனை வருஷமாக இதே ஊரில் முட்டி பார்க்கிற எனக்கு, உட்காருவதா வேண்டாமா என்பதற்கு நடுவில் செங்கல் என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. மறுபடியும் அவளுக்குத்தான் தோன்றியது.

பொங்காலை அன்று பிந்துவும் வந்தாள். ஆட்டோவிலிருந்து செங்கலை நான்தான் சுமந்தேன். அடுப்புக்கு அடுப்பு தீ கைமாறி வந்தது. பானை பொங்கி வழிந்ததும் பெண்கள் குரவையிட்டார்கள். அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து கும்பிட வேண்டும். நான் ஓடிப்போய் அவள் கக்கத்தில் கை கொடுத்தேன். அம்மா என் கையை மெல்ல விலக்கினாள். பிந்து கொஞ்ச தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தபடி ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்தாள், பாதத்தைப் பின்னால் இழுத்தாள், முன்னால் குனிந்தாள். யார் கையும் இல்லாமல் எழுந்து நின்றாள். நான் கற்றுக்கொடுக்க முயன்று தோற்ற அதே பயிற்சி.

என்னால் அடக்க முடியவில்லை. என் கை மட்டும் உனக்கு ஏன் ஆகவில்லை என்று அங்கேயே, அத்தனை பேர் நடுவில் கேட்டுவிட்டேன். அம்மா கும்பிட்டு முடித்துவிட்டு, முந்தானையால் என் நெற்றிக் கரியைத் துடைத்தாள்.

"உன் கையப் பிடிச்சா நான் எழும்ப மாட்டேன் மக்ளே. அப்படியே உம்மேல சாஞ்சிருவேன்."

இதைக் கேட்டு மனசு குளிர்ந்தது உண்மைதான் என்றாலும், அடுத்த வாரத்துக்கும் அம்மா பிந்துவிடமே நேரம் வாங்கியிருப்பதால், என் பொறாமைக்கு மட்டும் இதுவரை ஒரு குணமும் தெரியவில்லை.