ஐந்து தப்படியில் வில்

என் வீட்டுக்காரருக்கு லோரி வேலை. ஓட்டுவது இல்லை, ஏற்றி இறக்குவது. தெங்கேராவில் ஒரு மரக்கடையில் இறக்கும்போது கட்டை ஒன்று உருண்டு வலது காலில் விழுந்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் அது.

இரண்டரை மாதம் கழித்து மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். கால் குச்சியாக இருந்தது. கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் அமுக்கிப் பார்த்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, இனிமேல் காலை ஊன்ற வேண்டும், ஊன்றாமல் விட்டால் கணு அப்படியே இறுகிப் போகும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஊன்றவில்லை.

கக்கத்தில் ஊன்றுகட்டையை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில்தான் போவார். முறிந்த கால் தரையில் படாது.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்புறம்?"

"பாக்கலாம்."

பயம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

லோரி முதலாளி தவுக்கே டிரைவரிடம் சொல்லி அனுப்பினார். மாதக் கடைசி வரைக்கும் பார்ப்பாராம். அதற்குள் லோரி ஏறினால் வேலை, ஏறாவிட்டால் வேறு ஆள். மூன்று வாரம் இருந்தது.

நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் பலகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு மலாக்காச் செட்டி இருந்தார், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய வம்சம். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆபீசில் வரைபடம் எழுதுகிற கிராணி. நெற்றி நிறைய விபூதி இருக்கும், பேச்சு மலாய். தமிழ் ஒரு இருபது சொல் வரும். என்னை அக்கா என்பார், இவரை அண்ணே என்பார், மீதி எல்லாம் மலாய்தான். எங்களுக்கும் மலாய் தெரியும். அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். நாங்கள் அவரைத் தம்பி என்போம்.

கட்டுப் போட்டுக் கிடந்த காலத்திலேயே அவர் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தார். ஜப்பான்காரன் காலத்தில் வெளியே போக முடியாமல் அவரும் அண்ணன் தம்பிகளும் வீட்டுக்குள் ஆடியதாம். ஆபீஸ் விட்டு ஐந்து மணிக்கு வருவார், ஒரு அட்டையை விரிப்பார். அட்டையில் காடு, ஆறு, மலைக்கு மேல் ஒரு கோட்டை. எல்லாம் ஆபீஸ் மையில் அழகாகப் போட்டிருப்பார். கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இவருக்கு ஒரு ஆள். அந்த ஆள் ஒரு ரப்பர் கொட்டை, கத்தியால் கோடு கிழித்து அடையாளம் வைத்தது. தம்பி முன்னால் என்ன தெரிகிறது என்று சொல்வார். "பாலம் இருக்கு. பாலத்துக்கு அடியில ஏதோ மூச்சு விடுது." இவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார். சண்டை வந்தால் இரண்டு பகடை உருட்டுவார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு உயிர். பலகையில் கரியால் பன்னிரண்டு கோடு. அடி விழுந்தால் கோடு அழியும். எல்லாக் கோடும் போனால் மாத்தி, செத்தான். செத்த கொட்டை அடுப்புக்குள் போகும். திரும்ப எழுப்புவது கிடையாது. இவர்தான் அந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்கினார். "பொழச்சு பொழச்சு வந்தா என்ன சண்டை அது," என்றார்.

ஆயுதத்துக்கு ஒவ்வொன்றுக்கும் கணக்கு. பாராங் கத்திக்கு ஏழோ அதற்கு மேலோ விழ வேண்டும், விழுந்தால் எதிரிக்கு மூன்று கோடு போகும். கெரிசுக் குத்துவாளுக்கு ஐந்து விழுந்தாலே போதும், ஆனால் ஒரு கோடுதான். கதாயுதம் ஐந்து கோடு எடுக்கும். இதெல்லாம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. நான் மூன்றாவது வரைதான் படித்தேன். எண்ணாகச் சொன்னால் தலையில் ஏறாது.

ஒரு நாள் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் பூதம் கதாயுதத்தால் அடித்தது, பட்டது, அடுத்த உருட்டலிலும் அடித்தது. பத்துக் கோடு போய்விட்டது.

நான் உலக்கையை நிறுத்தினேன். "அது எப்படி தம்பி உடனே அடிக்கும்?"

"ஏன் அக்கா?"

"இத ஓங்கிப் போட்டுட்டு உடனே ஓங்க முடியுமா? வந்து போடுங்க, பாப்போம்."

வந்து போட்டார். மறுபடி தூக்கினார். தூக்குவதற்குள் நான் அவர் முதுகில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினேன்.

இவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "பூதம் மாத்தி லா தம்பி!"

அன்றிலிருந்து கதாயுதம் ஒரு தடவை அடித்தால் அடுத்த தடவை ஓய வேண்டும் என்று ஆனது. அப்படித்தான் நான் நடுவில் வந்தேன். சண்டையில் தகராறு வந்தால் என்னைக் கேட்பார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வேன். வேல் நீளம், அதனால் முதல் குத்து வேலுக்கு. ஆனால் துணி காயப்போடுகிற கழியை எங்கள் வீட்டுச் சந்துக்குள் திருப்பிப் பார்த்தேன், திரும்பவில்லை. ஆகவே குகைக்குள் வேல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவினேன், கத்தி எவ்வளவு தூரம் எட்டும் என்று கைக்குத் தெரியும். ஆயுதம் என்றால் நீளம், பாரம், திரும்ப எடுக்க ஆகும் நேரம். இந்த மூன்றுதான். மற்றது பகடை.

இவர் எப்போதும் வில்தான் எடுப்பார். தூரத்தில் நின்று விடுவார், கிட்டே போகமாட்டார். இரண்டு மாதத்துக்கு மேல் அந்த ஒரே கொட்டை சாகாமல் இருந்தது.

"அண்ணே, உங்க ஆளு கோட்டைக்குள்ள வரவே மாட்டானா?" என்பார் தம்பி. "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வாசல்லயே நிக்கிறான்."

"உள்ள காப்பி குடுக்கிறாங்களா? அப்ப வரேன்."

தவுக்கே கெடு வைத்த இரண்டாவது வாரம், வெள்ளிக்கிழமை, அந்த ஆள் கோட்டைக்குள் போனான். கயிறு பிடித்து மதில் ஏறி உள்ளே குதித்தான். அவன் உயிரில் இரண்டு கோடுதான் மிச்சம். தம்பி அட்டையில் விரலை வைத்தார்.

"முன்னாடி பூதம். ஐந்து தப்படி. கதாயுதத்தத் தூக்கிட்டு ஓடி வருது."

"அம்பு விடுறேன்," என்றார் இவர்.

"எந்த அம்பு? இப்பதான் கயிறு ஏறுனீங்க. வில்லு முதுகில இருக்கு."

"குதிக்கும்போதே எடுத்துட்டான்."

"ரெண்டு கையிலயும் கயிறு. வாயாலயா எடுத்தான்?"

"அவன் கை அப்படி. ரெண்டு மாசமா விடுறான்."

"ஐந்து தப்படி அண்ணே! தாக் போலே. முடியாது. நீங்க அம்ப எடுக்கிறதுக்குள்ள தலை போயிடும்."

"முடியும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதுவரை அந்தக் கேள்வி வந்ததில்லை. அம்பு எடுத்து, நாணில் வைத்து, இழுக்க எவ்வளவு நேரம்? எனக்குத் தெரியவில்லை. வில்லை நான் பிடித்ததே இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது.

"எனக்குத் தெரியாது," என்றேன். "செஞ்சு பாத்துத்தான் சொல்லணும். நாளைக்கு."

இவர் கொட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, தம்பிக்கு அரை நாள் ஆபீஸ். மத்தியானம் வந்து மூங்கிலை வளைத்துச் சணல் கட்டினார். ஈர்க்குச்சிகளைச் சேர்த்து அம்பு செய்தார். வீட்டுக்கு முன்னால் மண் தரை. ஐந்து தப்படி அளந்து நான் கோடு போட்டேன். தம்பி வாழை மட்டை ஒன்று வெட்டிக்கொண்டு கோட்டில் நின்றார். அதுதான் கதாயுதம்.

இவர் வாசல் முக்காலியில் உட்கார்ந்தபடி வில்லைக் கேட்டார்.

"உங்க ஆளு உக்காந்தா இருக்கான்?" என்றேன்.

"என்ன?"

"குதிச்சு நிக்கிறான்னுதானே சொன்னீங்க. நின்னு காட்டுங்க. உக்காந்து விட்டா அது வேற கணக்கு."

என்னை முறைத்தார். எழுந்தார், கட்டையைக் கக்கத்தில் கொடுத்து நின்றார். வில்லுக்கு ஒரு கை வேண்டும், அம்புக்கு ஒரு கை வேண்டும். கட்டையைப் பிடிக்கக் கை இல்லை. கட்டையைச் சுவரில் சாய்த்தார். இடது காலில் நின்றார், வலது கால் கொக்கு மாதிரி தொங்கியது.

நான் "ம்" என்றேன். தம்பி ஓடி வந்தார். இவர் அம்பை எடுக்க முதுகுப் பக்கம் கையைக் கொண்டு போனார், உடம்பு சாய்ந்தது, அப்படியே மண்ணில் விழுந்தார். தம்பி மட்டையைப் போட்டுவிட்டுத் தூக்க வந்தார்.

"தொடாத!" என்றார் இவர். "அது கணக்கில இல்ல. காலு வழுக்கிடுச்சு. மறுபடி."

சுவரைப் பிடித்து எழுந்தார். பிறகு வலது காலைக் கீழே வைத்தார். முதலில் விரல். பிறகு குதிகால். முகம் வெளுத்தது. தம்பி மட்டையை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனார்.

"வா," என்றார் இவர்.

மட்டை தோளில் பட்டுச் சளார் என்றது. அம்பு கையிலேயே இருந்தது.

"மறுபடி."

சளார்.

"நான் ரெடி ஆகல. மறுபடி."

"பூதம் கேட்டுக்கிட்டா வரும் அண்ணே?"

"வாடா நீ."

வேலியில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் பொம்பளை எதற்கு நடுவில் நிற்கிறாள் என்று கேட்டார். தம்பி திரும்பி, "அக்காதான் சட்டம்," என்றார். அதுவும் மலாயில்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

தம்பி எட்டுத் தடவை ஓடி வந்தார். எட்டிலும் மட்டை பட்டது. ஒரே ஒரு தடவை அம்பு நாணில் ஏறியது, இழுப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. தம்பியை ஒவ்வொரு தப்படியாகப் பின்னால் போகச் சொன்னேன். ஆறிலும் ஏழிலும் முடியவில்லை. எட்டில் அம்பு போனது, எங்கேயோ போனது. ஒன்பதில் தம்பியின் வயிற்றில் குத்தியது. திரும்ப ஒரு தடவை பார்த்தோம். திரும்பவும் குத்தியது.

"ஒன்பது," என்றேன். "ஒன்பதுக்குள்ள வில்லு கிடையாது. ஐந்தில உங்க ஆளு போயிட்டான்."

இவர் வியர்த்து ஊற்றி நின்றார். வாதாடுவார் என்று நினைத்தேன். வாதாடவில்லை. சட்டைப் பையிலிருந்து கொட்டையை எடுத்தார். அடுப்பங்கரைக்கு ஆறு தப்படி. கட்டை சுவரிலேயே இருந்தது, அவர் பார்க்காமல் இல்லை, பார்த்தார். எடுக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்துப் போனார். குனிந்து கொட்டையை நெருப்பில் போட்டார். எண்ணெய்க் கொட்டை, படபடவென்று எரிந்தது.

"நல்ல ஆளு," என்றார் தம்பி.

"ம்," என்றார் இவர்.

கால் அன்றைக்கே வீங்கிவிட்டது. வெந்நீர் ஊற்றினேன். சோறு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். காலையில் எழுந்ததும், "நேத்து காத்து அடிச்சது, சணலும் தொளதொளன்னு இருந்தது. இன்னொரு வாட்டி பாக்கணும்," என்றார். காற்று அடிக்கவில்லை. நான் சரி என்றேன். தம்பியைக் கூப்பிட்டார். அன்றும் நின்றார், அதற்கு மறுநாள் சாயந்திரமும் நின்றார். ஐந்து தப்படியில் ஒரு நாளும் முடியவில்லை. ஒன்பது மட்டும் எட்டு ஆனது. சட்டத்தை மாற்ற வேண்டுமா என்று தம்பி கேட்டார். நான் மாற்றவில்லை. பழகின பிறகு வந்தது எட்டு, அந்த ஆள் செத்த அன்று ஒன்பதுதான்.

பிறகு தெருவில் பேசிக்கொண்டார்கள், புருஷனை நடக்க வைக்க நான் தந்திரம் செய்தேன் என்று. இல்லை. அன்று எனக்கு வில்லின் கணக்குதான் வேண்டியிருந்தது. தப்பாகச் சொல்லக் கூடாது என்று இருந்தது. அவர் மண்ணில் விழுந்த பிறகுதான் எனக்குக் காலின் ஞாபகமே வந்தது. வந்தும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. அதை வேண்டுமானால் என் பேரில் எழுதலாம்.

மாதக் கடைசி நாள் லோரி சந்து முனைக்கு வந்தது. கைத்தடியோடு போனார். நானும் பின்னால் போனேன். லோரியின் பின்பக்கம் உயரம், சக்கரத்தில் மிதித்துத்தான் ஏற வேண்டும். இடது காலைச் சக்கரத்தில் வைக்க, முழுப் பாரத்தையும் வலது காலில் நிறுத்த வேண்டும். டிரைவர் கையைக் கொடுத்தார். இவர் வாங்கவில்லை. முதல் தடவை முடியவில்லை. காலைக் கீழே வைத்து, வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டாவது தடவையும் முடியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணுவில் நரம்பு தடித்து எழுந்தது. மூன்றாவது தடவை ஏறிவிட்டார். மேலே நின்றுகொண்டு கைத்தடியை என்னிடம் போட்டார். நான் பிடித்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார்.

அந்தக் கால் நேராகவில்லை. கடைசி வரை கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பியே இருந்தது.

சாயந்திரம் வேலை முடிந்து வந்தார். கை கால் கழுவிவிட்டு டின்னிலிருந்து புதிதாக ஒரு ரப்பர் கொட்டை எடுத்தார், கத்தியால் கோடு கிழித்தார். தம்பி அட்டையை விரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன ஆயுதம் அண்ணே?"

"வில்லுதான்."

"ஒன்பது தப்படி."

"தெரியும் லா. போடு பகடைய."