சவுண்டு அடுத்த லைன் வேலை

சவூதியிலிருந்து வீடியோ டெக் வந்த அன்று எங்கள் காம்பவுண்டே கூடிவிட்டது. அப்போது ஓசூரில் ஒரு டிவி கம்பெனியில் எனக்கு சால்டரிங் வேலை. குடியிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுப் பின்கட்டில். வீட்டுக்காரம்மாவின் ஒரே மகன் சவூதியில் ஏசி மெக்கானிக். லீவில் ஊருக்கு வந்த அவருடைய கூட்டாளி ஒருவர்தான் அந்த டெக்கைக் கொண்டுவந்து இறக்கினார். துண்டில் சுற்றிய கேசட் ஒன்றும் கூடவே வந்தது. "யார்கிட்டயோ கேமராவ எரவல் வாங்கி எடுத்தாம்மா. உள்ள ஒங்க புள்ளதான் இருக்கான்" என்றவர், டீகூடக் குடிக்காமல் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

கேசட்டைப் பார்க்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அதை விட்டால் வேறு வழியே இல்லாதவர் ஒருவர்தான், அந்த வீட்டு மருமகள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது, எழுதப் படிக்கவும் தெரியாது. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கி வைத்திருந்தார்களாம். அதற்குள் அவர் விமானம் ஏறிவிட்டார். போன் வந்தால் மாமியார் மளிகைக்கடைக்கு ஓடிப்போய்ப் பேசுவார். கடிதம் வந்தாலும் அவரே எழுத்துக் கூட்டி வாசிப்பார். எல்லாம் முடிந்த பிறகு மருமகள் பக்கம் திரும்பி ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடியிருக்கிறவள் வாயைத் திறக்க முடியுமா?

அந்த வீட்டில் டிவி இல்லை. காம்பவுண்டிலேயே டிவி என்னிடம்தான் இருந்தது, கைப்பிடி வைத்த சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. பெங்களூர் தூர்தர்ஷன் அதில் பளிச்சென்று எடுக்கும். டெக்கின் வயரை ஆன்டெனாத் துளையில் சொருகிவிட்டுக் குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் வெறும் புள்ளிதான். மறுநாள் சாப்பாட்டு மணியில் டெஸ்டிங் பிரிவுக்காரரிடம் சொன்னேன். தளிக்காரர், வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். "அது பாரின் டெக்கு சிஸ்டர். அது போடற சேனலு எங்கியோ மேல இருக்குது. நம்ம டியூனருக்கு அவ்ளோ எட்டாது. வயர் சொருகறதுக்குக் குழி வச்சி நேரா வீடியோவ உள்ள குடுக்கணும்" என்றார்.

நேராக என்றால் டிவியின் வயிற்றைக் கிழிக்க வேண்டும். ஆன்டெனாவில் வருவதை டியூனர் பிரித்து, கழுவி, கடைசியில் வெறும் படமாக்கிச் சர்க்யூட் பலகையில் ஓரிடத்தில் கொண்டுவந்து விடும். அந்த இடத்தில் செம்புத் தடத்தை வெட்டி, டெக்கின் படத்தை அங்கேயே கொடுத்துவிட்டால் போதும், டியூனரே வேண்டாம். நாள் முழுக்க அந்தப் பலகையில் சால்டர் வைப்பவள் நான். அதை வெட்டுவது என்று கேட்டதுமே கை பரபரத்தது.

"வீடியோக் கடைல குடுத்துப் போட்டுப் பாத்துக்கலாமே" என்று நான் ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன். "எம்மவன் மொகத்தக் கடைல வச்சி கண்டவனும் பாக்கறதுக்கா? நீயே பாரு" என்று வீட்டுக்காரம்மா முடித்துவிட்டார். அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒன் டிவி கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டா நானே சரி பண்ணிக்கறேம்மா" என்றேன். அந்த டிவியை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

லீவு நாளில் டெஸ்டிங்காரர் தளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பின்மூடியைக் கழற்றி முதலில் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடினார். அது இருந்தால்தான் வீட்டுக் கரண்டு நேராகப் பலகைக்கு வராது, டெக்கைத் தொட்டவர்களுக்கு ஷாக் அடிக்காது. "இருக்குது. தைரியமா செய்யலாம்" என்றார். தடத்தை அவர் காட்ட, நான் வெட்டினேன். ஒரு கண்டன்சர், ஒரு ரெசிஸ்டர், தூர்தர்ஷனுக்கும் டெக்குக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச், பின்மூடியில் துளை போட்டு ஒரு குழி. மருமகள் சால்டர் புகையைக்கூடப் பார்க்காமல் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேசட்டைப் போட்டோம். படம் வந்தது, ஆனால் போட்டோ நெகட்டிவ் மாதிரி. முகம் கறுப்பு, முடி வெள்ளை, எல்லாம் சாய்ந்து சாய்ந்து ஓடியது. "இது யாரு, சைத்தானா?" என்றார் வீட்டுக்காரம்மா. மருமகள் மட்டும் திரைக்குப் பக்கத்தில் போய், ஓடுகிற கோடுகளில் எதையோ பிடிக்கப் பார்த்தார்.

"ஸ்வல்ப இருங்க. தலகீழாப் போவுது, திருப்பி உட்டா சரியாயிடும்" என்று டெஸ்டிங்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரை எடுத்தார். மூன்று கால், மூன்று சால்டர். மறுபடி சுவிட்சைப் போட்டேன்.

அடடா, அந்த நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. படம் ஒரு உதறு உதறி அப்படியே நின்றது. கட்டில், ஜன்னல், சுவரில் ஏசி, கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மனிதர், அவர் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. ஆன்டெனாவில் ஒரு நாளும் இந்தத் துல்லியம் வந்ததில்லை. நானும் டெஸ்டிங்காரரும் குழந்தைகள் மாதிரி கை தட்டிவிட்டோம்.

"படம் சரி. எம்மவன் கொரலு எங்க?" என்றார் வீட்டுக்காரம்மா.

கம்பெனியில் எங்கள் லைனில் படத்துக்கான பலகை மட்டும்தான் வரும். சவுண்டு அடுத்த லைன் வேலை, அதை நாங்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் பழக்கத்தில் வீட்டில் செய்கிறபோதும் சவுண்டுக்கு வயர் இழுக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நிறுத்துங்க மொதல்ல. பேச்சு வந்தப்பறம் பாக்கலாம்" என்று வீட்டுக்காரம்மா அதட்டினார். டெக்கை நிறுத்தினேன். மருமகள் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறை முறைத்தார் பாருங்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். வால்யூம் குமிழின் காலில் ஒரு வயரை வைத்து இன்னொரு குழியும் போட்டு முடிக்கிறவரை அவர் டெக்கின் மேல் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கேசட்டை முதலிலிருந்து ஓட்டினோம். 'உர்ர்' என்று ஏசி ஓடும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா கிட்ட வந்து காதைக் கொடுத்தார். மகன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கையைத் தூக்கினார். விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன, காற்றில் எதையோ வரைந்தன. வாய் திறக்கவே இல்லை.

"கொரலு வர்லியே. இன்னும் வையி."

வால்யூமைக் கடைசிவரை திருகினேன். அந்த ஊர்த் தெருவில் ஏதோ ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, எங்கள் வாசலிலேயே போகிற மாதிரி கேட்டது. "சவுண்டு சரியாத்தான் இருக்குதும்மா" என்றார் டெஸ்டிங்காரர் மெதுவாக. "அவருதான் பேசல."

திரையில் மகனின் கைகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் மருமகள் சிரிக்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், 'போய்யா' என்கிற மாதிரி கையை வீசுகிறார், தானும் பதிலுக்குக் கையால் பேசிக்கொண்டே இருக்கிறார். இத்தனை பேச்சு அவருக்குள் இருந்ததா என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். படித்த எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரம்மா தரையில் இறங்கி மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளைத் தொட்டு, பழக்கமில்லாத கையை விரித்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார். மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மாமியாரின் விரல்களைப் பிடித்து, அவற்றை மடக்கி, அவர் நெஞ்சில் வைத்துக் காட்டினார். மாமியாருக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை காட்டச் சொல்லி மறுபடியும் கையை நீட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "ஏம்மா, அந்தச் சவுண்ட நிறுத்து. எடைஞ்சலா இருக்குது."